உடற்பயிற்சிக்குப் பதில் கடமை

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் உடம்பு அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதற்குச் சம்பளம் கொடுப்பது மக்கள். அதை இருத்திவைக்கக் கதிரை கொடுப்பது அரசாங்கம். அது எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது வாசலில் பூட்டியிருக்கும் கைரேகை இயந்திரம். ஆகவே, வாவிக்கரை ஒழுங்குபடுத்தல் அலுவலகத்தின் பிரதிப் பணிப்பாளர் திரு. வினாயகமூர்த்தி அவர்களின் உடம்பு பழுதடைந்திருப்பதாகக் கண்டறியப்பட்டபோது, அதை அவர் ஓர் அலுவலக விடயமாகவே எடுத்துக்கொண்டதில் யாரும் பிழை சொல்ல முடியாது.

வாவிக்கரை ஒழுங்குபடுத்தல் அலுவலகம் எதை ஒழுங்குபடுத்துகிறது என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். மட்டக்களப்பார் கேட்பதில்லை. கந்தோரின் எல்லா ஜன்னல்களும் வாவியைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. காற்று வந்தால் கோவைகள் பறக்கும் என்பதால் அவை திறக்கப்படுவதில்லை.

பழுதைக் கண்டுபிடித்தவர் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் இருந்த ஓர் இளம் பெண் டொக்டர். வினாயகமூர்த்தியின் இடது காற்பெருவிரலில் ஏதோ ஒன்றால் குத்திவிட்டு, "நோகுதா ஐயா?" என்று கேட்டார்.

"எப்ப குத்துவீங்க?" என்றார் இவர்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "குத்திப்போட்டன். சீனி கூடிப்போய் நரம்பில பிடிச்சிருக்கு. நடக்கணும், உடம்பக் குறைக்கணும். இல்லாட்டி முதல்ல விரல் போகும். மறுகா கால் போகும்."

வினாயகமூர்த்திக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. கணக்காய்வாளர் வருகிறார் என்றால் வருகிற பயம் அல்ல. அதற்குத் தேநீரும் வடையும் கொடுத்துச் சமாளிக்கலாம். செட்டிபாளையத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் இதே சீனி வருத்தத்தில்தான் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, வாசலில் சக்கரநாற்காலியில் இருந்தபடி தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தானும் அப்படி இருந்து பார்க்க வேண்டி வருமோ என்று நினைத்தபோது, பஸ்சுக்குள்ளேயே இவருடைய கண் கலங்கிவிட்டது.

மனைவி சீதேவிப்பிள்ளைக்கு இதில் பெரிய சிக்கல் எதுவும் தெரியவில்லை. "நாளைக்கு வெள்ளண எழும்பிக் கல்லடிப் பாலத்தடிக்கு நடந்து போயிற்று வாங்க. அவ்வளவுதானே?"

"அப்படிச் சும்மா எழும்பி நடக்க ஏலாது புள்ள. எல்லாத்துக்கும் முறையெண்டு ஒண்டு இரிக்கு."

முறை எது என்பதை அப்போது ஊர் தீர்மானித்திருந்தது. ஒரு காலத்தில் பெரிய உத்தியோகத்தரின் கௌரவம் அவர் வீட்டு மதிலில் தெரிந்தது. பிறகு மதிலில் பூட்டிய கமெராவில் தெரிந்தது. இப்போது அது பெர்சனல் ட்ரெய்னரில் வந்து நிற்கிறது. மாவட்டக் கூட்டங்களில் தேநீர் இடைவேளையின்போது "பிள்ளைகள் என்ன செய்யுது?" என்று விசாரிப்பது நின்றுபோய், "உங்கட ட்ரெய்னர் ஆர்?" என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ட்ரெய்னர் இல்லாதவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வினாயகமூர்த்தி நேர்முகப் பரீட்சை வைத்தார். முதலில் வந்தவர் பாடசாலை விளையாட்டு ஆசிரியர். "கடற்கரை மணல்ல காலமயும் பின்னேரமும் நடந்தாப் போதும் சேர், அதுக்கு நான் தேவையில்ல," என்று உண்மையைச் சொன்னதால் அவர் நிராகரிக்கப்பட்டார். தான் தேவையில்லை என்று சொல்லும் ஒருவரை நியமிப்பதற்கு எந்த விதிக்கோவையிலும் இடமில்லை. இரண்டாவதாக வந்தவர் புரத மாவு டின்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். அவருக்கு விற்பனையில் இருந்த ஆர்வம் உடம்பில் இல்லை என்று குறிப்பெழுதப்பட்டது.

மூன்றாவதாக வந்தவர் காத்தான்குடி றிஷாட். கட்டாரில் ஒரு பெரிய ஜிம்மில் வேலைபார்த்துவிட்டு வந்து, ஊரில் சொந்தமாக ஒன்று திறந்திருந்தார். தொழில் தெரிந்த பிள்ளைதான். ஆனால் கதைக்கும்போது எதிரில் உள்ளவரின் முகத்தைப் பார்க்காமல், அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். அவருடைய சான்றிதழ் அரபியில் இருந்தது. பொன்நிற முத்திரையும் குத்தியிருந்தது. கந்தோரில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாததால் யாராலும் அதில் பிழை காண முடியவில்லை. றிஷாட் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்.

இது அலுவலக விடயம் என்பதால் பயிற்சி கந்தோர் முற்றத்திலேயே காலையில் ஆரம்பமானது. ட்ரெய்னர் ஒருவரை வைத்துக்கொண்டால் அவர் முதல் நாள் கட்டளையிட மாட்டார், கேள்விதான் கேட்பார் என்பது வினாயகமூர்த்திக்குத் தெரிந்திருக்கவில்லை. கேள்வி கேட்பது தன்னுடைய வேலை என்றே இதுவரை நினைத்திருந்தார்.

"உங்கட இலக்கு என்ன சேர்?"

"வருடாந்த இலக்கா, காலாண்டு இலக்கா?"

"உடம்புக்கு சேர்."

"அதை இன்னும் தயாரிக்கல்ல. கொழும்பிலருந்து மாதிரி ஒண்டு வரட்டும்."

"சரி. கடைசியா எப்ப ஓடினீங்க?"

"சுனாமியண்டைக்கு."

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பிறகு அப்படியொரு தேவை ஏற்படல்ல."

றிஷாட் நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். நாடா சுற்றி வருவதற்குள் இரண்டு பேரும் களைத்துப்போனார்கள். பிறகு, "இப்ப குந்தி எழும்புவம். கதிரையில இரிக்கிற மாதிரித்தான் சேர், ஆனாக் கதிரை இல்ல," என்றார். வினாயகமூர்த்தி திடுக்கிட்டார். கதிரை இல்லாமல் இருப்பது பதவி பறிபோனவர்கள் செய்கிற காரியம். இருந்தாலும் விரலை நினைத்துக்கொண்டு ஒருமுறை குந்தினார். எழும்பும்போது ட்ரெய்னரின் தோள் தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்து அன்று இரவு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தமது உடற்பயிற்சிக்கு நேரில் சமுகமளித்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த நாள் காலையில் கொழும்பிலிருந்து ஓர் அவசர இணையவழிக் கூட்டம். பயிற்சியை நிறுத்தினால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று றிஷாட் எச்சரித்திருந்தார். என்ன செய்வதென்று யோசித்தபோது வழி சொன்னவர் உதவிப் பணிப்பாளர் உதயரூபன். மேலதிகாரியின் தலையசைப்பைக் கண்டதும் தன் தலையையும் அசைக்கிற நல்ல மனிதர். அவருக்கும் சீனி வருத்தம்.

"ஏன் சேர் யோசிக்கிறீங்க? உங்களால ஒரு கூட்டத்துக்குப் போக ஏலாட்டி என்ன செய்வம்? பிரதிநிதிய அனுப்புவம். அதைத்தான் இதுக்கும் செய்யணும்."

பிரதிநிதி பக்கத்திலேயே இருந்தான். முகாமைத்துவ உதவியாளர் ரதீஸ், கிரான் ஊரவன், ஒல்லியான நெடுவல். வீட்டுக்குக் கிட்டவாக ஒரு கந்தோருக்கு மாற்றம் கேட்டு வருடக்கணக்காக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறவன். இப்படிப்பட்டவனிடம் எதைக் கேட்டாலும் "ஓம் சேர்" என்றுதான் வரும். அன்றே கடிதம் தயாரானது: "பிரதிப் பணிப்பாளர் அவர்களின் உடற்பயிற்சி தொடர்பான சகல கடமைகளையும் மறு அறிவித்தல் வரை பதில் கடமை அடிப்படையில் பொறுப்பேற்று நிறைவேற்றுமாறு இத்தால் பணிக்கப்படுகிறீர்."

றிஷாட் மறுப்புச் சொல்லாமல் இல்லை. "சேர், செய்யிறவர்ர உடம்புதான் கொறையும். உங்கட கொறையாது."

"தம்பி, அமைச்சர் வர ஏலாமச் செயலாளர் ஒரு கூட்டத்துக்கு வாறார் எண்டு வைப்பம். குறிப்பில ஆர் வந்ததா எழுதுவாங்க?"

"அமைச்சருக்காக வந்தார் எண்டு எழுதுவாங்க."

"அப்ப அமைச்சர்ர வேலை நடந்ததா இல்லியா?"

"நடந்ததுதான்."

"மறுகா என்ன?"

றிஷாட் கொஞ்சம் யோசித்தார். ஜிம்முக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. ரதீஸின் தோளையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், மசில் ஏறக்கூடிய ஒடம்பு," என்றார். அத்துடன் மறுப்பு வாபஸ் பெறப்பட்டது.

அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ரதீஸின் கையில் ஏறியது. அது அனுப்பும் செய்தி வினாயகமூர்த்தியின் போனில் வந்து விழுந்தது. பகல் சோற்றுக்குமேல் எருமைத் தயிரும் சீனியும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது, "வாழ்த்துக்கள் வினாயகமூர்த்தி! இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள்!" என்று போன் சொல்லும். அவருக்கு மனம் குளிர்ந்துவிடும். அதோடு நிஜமாகவே கை கால் அசதியும் வரும்.

"இண்டைக்குச் சரியான அலுப்புப் புள்ள," என்பார் மனைவியிடம். "ரதீஸ் பாலத்துக்குப் போய்க் கிறுகி வந்து, திரும்பவும் போனவனாம்."

"அப்ப அவனுக்கெல்லோ அலுக்கணும்? ஏன் இந்தத் தயிர்?"

"ஓடினா உடம்புக்குச் சத்து வேணும். பயிற்சியக் கையளிக்கலாம் புள்ள, சாப்பாட்டக் கையளிக்க ஏலாது. சில அதிகாரங்கள் பதவியோட ஒட்டினது."

சீதேவிப்பிள்ளை தயிர்ச் சட்டியை எடுத்து ஒளித்து வைத்துப் பார்த்தாள். அவர் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவளுக்கு அழுகைதான் வந்தது. செட்டிபாளையத்து மைத்துனருக்குக் கால் எடுத்த நாளில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்.

கிளினிக் திகதி வந்தது. இரத்தம் கொடுக்க வேண்டும். உடற்பயிற்சி தொடர்பான "சகல கடமைகளும்" என்று கடிதத்தில் இருந்தபடியால் இரத்தத்தையும் ரதீஸே கொடுத்தான். முடிவு வந்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. இருபது வயதுப் பையன்கள் பொறாமைப்படும் இரத்தம். அன்று கிளினிக்கில் இருந்த டொக்டர் வேறொருவர். கதவுக்கு வெளியே பெரும் சனக்கூட்டம். அவர் அறிக்கையைப் பார்த்தாரே தவிர, நிமிர்ந்து ஆளைப் பார்க்கவில்லை.

"நல்ல முன்னேற்றம். குளிசையக் குறைப்பம். இப்படியே தொடருங்க."

"தொடரச் சொல்லுறன் டொக்டர்," என்றார் வினாயகமூர்த்தி பணிவாக.

அன்று கந்தோரில் ஐசிங் பூசிய கேக் வெட்டப்பட்டது. றிஷாட் ஒரு விளம்பரம் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். இடப்பக்கம் "முன்பு" என்று வினாயகமூர்த்தியின் வயிறு. வலப்பக்கம் "பின்பு" என்று ரதீஸின் வயிறு. இரண்டிலும் கழுத்துக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. வினாயகமூர்த்தி அதன் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். தன்னால் இவ்வளவு முடியும் என்று அவர் ஒருபோதும் நினைத்திருக்கவில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு மற்ற உத்தியோகத்தர்கள் சும்மா இருப்பார்களா? உதயரூபன் முதலில் விண்ணப்பித்தார். பின்னாலேயே கணக்காளர், பொறியியலாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என்று எல்லோரும் வந்தார்கள். ஆளணிப் பற்றாக்குறை காரணமாக எல்லோருக்கும் ரதீஸே பதில் கடமை பார்த்தான். ஒரு தடவை ஓடினால் முழுக் கந்தோரும் ஓடியதாகப் பதியப்படும். இரண்டு கையிலும் முழங்கைவரை கடிகாரம் கட்டிக்கொண்டு அவன் கல்லடிப் பாலத்தில் ஓடி வரும்போது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டு விலை கேட்டார்கள்.

ரதீஸும் இப்போது பழைய ரதீஸ் அல்ல. இறுக்கமான பெனியன் போட்டான். பாணையும் சோற்றையும் தொட மறுத்தான். கிரானுக்கு மாற்றம் கேட்ட விண்ணப்பத்தைத் தானே வாபஸ் வாங்கினான், அங்கே கண்ணாடி வைத்த ஜிம் இல்லை என்பதால். "இந்தக் கந்தோர்ர இதயம் என்ட நெஞ்சிலதான் துடிக்குது," என்று றிஷாட் பிடித்த வீடியோவில் சொன்னான். அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள்.

மாகாணத்திலேயே அதிகம் நடந்த அலுவலகம் என்ற விருது வாவிக்கரை ஒழுங்குபடுத்தல் அலுவலகத்துக்குக் கிடைத்தது. அதைக் கொண்டாட வாவி ஓரமாக ஒரு நடைபாதை போட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பிரதம அதிதி வினாயகமூர்த்தி. காலையில் தொடங்க வேண்டிய விழா, பிரதம அதிதியின் வருகை பிந்தியதால் உச்சி வெயிலில் தொடங்கியது.

மங்கள விளக்கு ஏற்றுவதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். வினாயகமூர்த்தி சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிவிட்டு, வெயிலில் கொதித்துக் கிடந்த புதுச் சீமெந்தில் கால் வைத்தார். மற்றவர்கள் ஒரு திரியை ஏற்றிவிட்டுக் காலை மாறி மாறித் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பாய்ந்தார்கள். அவர் பாயவில்லை. ஒலிவாங்கி விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கேயே நின்று பேசத் தொடங்கினார். நடையின் மகத்துவம், உடம்பின் மகத்துவம், தன்னுடைய தியாகம் என்று பேச்சு நீண்டது. கால் அசையவில்லை.

"சேர்ர காலப் பாருங்க!" என்று உதயரூபன் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். "இது யோகிகளுக்கு வாற நிலை."

றிஷாட் குனிந்து அந்தப் பாதங்களை வீடியோ எடுத்தார். சனம் கைதட்டியது. வினாயகமூர்த்தி தம் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினார்.

வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றியபோது சீதேவிப்பிள்ளை வீரிட்டாள். பெருவிரல் கொப்புளித்து, தோல் சொக்ஸோடு கழன்று வந்திருந்தது.

"ஏன் கத்துறாய்? நோகல்லியே," என்றார்.

"நோகல்லையெண்டுதானே கத்துறன்! எழும்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

"என்னெண்டு சொல்லிப் போறது? கிளினிக் கொப்பியில எனக்கு வருத்தமில்லையெண்டு எழுதியிரிக்கு. இல்லாத வருத்தத்துக்கு மருந்து கேட்டா என்னப் பைத்தியம் எண்டுவாங்க."

இரண்டு நாள் அவர் கொப்பியை நம்பினார். விரல் கொப்பியை நம்பவில்லை, கறுத்தது. காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறிய பிறகுதான் சீதேவிப்பிள்ளை அயலவர்களைக் கூப்பிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

நோயாளர் விடுதியில் இருந்தவர் முதலில் விரலைக் குத்திப் பார்த்த அதே பெண் டொக்டர். கொப்பியைப் புரட்டினார், காலைப் பார்த்தார், மறுபடி கொப்பியைப் பார்த்தார்.

"ஐயா, இது ஆருட ரெத்தம்?"

"என்ட பேரிலதான் இரிக்கு."

"பேரக் கேக்கல்ல. ரெத்தத்தக் கேக்கன்."

வினாயகமூர்த்தி கூரையைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அனுப்ப அவரிடம் பிரதிநிதி யாரும் இருக்கவில்லை. பெருவிரலும் அடுத்த விரலும் எடுக்கப்பட்டன. பதில் கடமை தொடங்கிய நாளிலிருந்து அவர் முழுமையாக நேரில் சமுகமளித்த ஒரே நிகழ்வு அதுதான். மயக்கம் தெளிந்ததும் சிறுபிள்ளைபோல அழுதார். சீதேவிப்பிள்ளை ஏசவில்லை. "அந்த ரதீஸ் ஊருக்கெல்லாம் ஓடினானே," என்று மட்டும் சொல்லி அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் பார்வை நேரத்தில் கந்தோர் முழுவதும் திரண்டு வந்தது. உதயரூபன் முன்னால் வந்து மாபிள் கேக்கை மேசையில் வைத்தார். மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ரதீஸ் பெனியனுடன் பின்னால் நின்றான். விடுதியில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கட்டுப்போட்ட காலைக் கண்டதும் எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஒவ்வொருவரும் சப்பாத்துக்குள் தங்கள் விரலை அசைத்துப் பார்க்கிறார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. அசைகிறதா இல்லையா என்று சிலருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

வினாயகமூர்த்தி தலையணையில் கை ஊன்றி எழுந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, முன்மொழியாமல், வழிமொழியாமல், வாய்க்கு வந்தபடி கத்தினார்.

"நிண்டு என்னப் பார்க்காதீங்கடா! சப்பாத்தக் கழட்டுங்க! உங்கட கால உங்கட கண்ணால பாருங்க! இனிமே ஒவ்வொருத்தனும் தன்ட காலால நடக்கணும், இது என்ட கட்டளை!"

கணக்காளர் குனிந்து சப்பாத்து நாடாவில் கைகூட வைத்துவிட்டார். உதயரூபன்தான் தொண்டையைச் செருமினார்.

"சேர் குறைநினைக்கக் கூடாது. சேர் இப்ப மருத்துவ விடுமுறையில இரிக்கிறீங்க. பிரதிப் பணிப்பாளருக்குப் பதில் கடமை நான்தான். கட்டளை போடுறதெண்டா நான்தான் போடணும்."

கணக்காளர் நிமிர்ந்துகொண்டார்.

"ஆனா சேர் சொன்ன விசயம் பாரதூரமானது," என்று உதயரூபன் தொடர்ந்தார். "எல்லார்ர காலும் உடனடியாப் பரிசோதிக்கப்பட வேணும். தம்பி ரதீஸ், சப்பாத்தக் கழட்டுங்க."

அந்த வழியால் வந்த தாதி மறிக்கப்பட்டார். ரதீஸ் ஒரு முக்காலியில் இருந்து இரண்டு காலையும் நீட்டினான். தாதி குத்திப் பார்த்தார், அவன் துள்ளினான். விரலிடுக்குகளைப் பார்த்தார், பாதத்தைத் தடவினார். "நல்ல கால். ஒரு பிழையும் இல்ல," என்றார்.

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கணக்காளர் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். யாரோ கேக்கைத் திறந்தார்கள். ரதீஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்து, நல்ல செய்தியைத் தன் வாயாலேயே சொல்ல விரும்பிக் குனிந்தான்.

"உங்கட காலும் நல்லாரிக்காம் சேர்."

சீதேவிப்பிள்ளை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் கன்ரீனில் சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்டீ குடிப்போம் என்று கலகலப்பாகப் புறப்பட்டார்கள். முன்னால் நடந்த உதயரூபனின் வலது சப்பாத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு கந்தோர் அறிவித்தல் பலகையின் ஊசி ஒன்று பாதத்துக்குள் தலைவரை ஏறியிருந்தது. விடுதியின் தரையில் அது "டிக், டிக்" என்று சத்தம் போட்டது. எங்கிருந்து வருகிறது இந்தச் சத்தம் என்று அவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.